சின்னம்மா காட்டிய ஊதுவத்தி

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது நான்கு, நாத்தனார் விட்டுப்போனது இரண்டு, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஆறு பேருக்கும் வந்த காய்ச்சலுக்கெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தான். நெற்றியில் புறங்கையை வைத்தால் போதும், இது சளிக் காய்ச்சலா, வயிற்றுக் கோளாறா, அம்மை வரப்போகிறதா என்று சொல்லிவிடுவேன். எங்கள் தெருவில் பிள்ளைக்கு உடம்பு சுட்டால் முதலில் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்து, அப்புறம்தான் டாக்டரிடம் போவார்கள். அப்படிப்பட்ட எனக்கு, எட்டு வயதில் எனக்கே வந்த காய்ச்சலின் பெயர் போன கார்த்திகை மாதம்தான் தெரிந்தது. அறுபத்தாறு வருடம் ஆகியிருக்கிறது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பெரிய பேத்தி எழுதுகிறாள். அவசரம் ஒன்றும் இல்லை.

தாராபுரத்திலிருந்து காங்கயம் போகும் சாலையில் இறங்கி ஒரு மைல் நடந்தால் எங்கள் ஊர். மழை கம்மியான பூமி. சுற்றிலும் கிளுவை வேலி போட்டு, உள்ளே புல்லை வளரவிட்டு, ஆடு மாடுகளை மேயவிடுவோம். அதற்குக் கொறங்காடு என்று பெயர். எங்களுக்கு இருபது ஏக்கர் கொறங்காடு இருந்தது. மாடு, செம்மறி, வெள்ளாடு என்று எப்போதும் ஐம்பது அறுபது உருப்படிக்குக் குறையாது.

என்னைப் பெற்றவள் எனக்கு நான்கு வயதிருக்கும்போது இறந்துபோனாள். அப்பாவின் அக்கா, என் அத்தை, கணவனை இழந்து எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்திருந்தார். சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் இருக்கும். எனக்கு ஆறு வயதானபோது அப்பா மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். பெண், சத்தியமங்கலத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஆடு வளர்க்கிற வீட்டுப் பெண். வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. இதை எழுதுகிற என் பேத்தியைவிட இரண்டு வயதுதான் கூட. சின்னம்மா என்று கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டேன்.

சின்னம்மாவுக்குச் சமையல் அவ்வளவாக வராது. ஆட்டை நன்றாகத் தெரியும். எந்த ஆடு இரை எடுக்கவில்லை, எந்த ஆடு இன்னும் மூன்று நாளில் ஈனும் என்று பட்டிக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவாள். அத்தைக்கு அது பிடிக்காது.

"ஆட்டுக்கு நாடி பாக்கத் தெரியுது, ரசத்துக்கு உப்புப் பாக்கத் தெரியல" என்பார்.

"ஆடு கொறை சொல்லாதுங்க" என்று சொல்லிவிட்டு சின்னம்மா சிரிப்பாள். அத்தை சிரிக்க மாட்டார். நானும் அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சிரிக்காமல் இருப்பேன். அந்த வயதிலேயே எனக்கு யார் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

அந்த வருடம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. புல் இடுப்பளவு நின்றது. ஒரு வெள்ளாடு இரண்டு குட்டி ஈன்றிருந்தது. அதில் வெள்ளைக் குட்டியை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். கைக்குழந்தையைப் போல் இடுப்பில் வைத்துக்கொண்டு வேலி ஓரமெல்லாம் சுற்றினேன்.

"அதுக்கு நாலு காலு இருக்குது அம்மணி, எறக்கி உடு" என்பாள் சின்னம்மா. நான் விட மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைக்கும்போது சின்னம்மா என் இடுப்பைப் பார்த்துவிட்டு, "ஏ அம்மணி, உனக்குக் கொட்டமுத்து மொளச்சிருக்குது. தண்ணி ஊத்துனா செடியாயிரும்" என்றாள். ஆமணக்கு விதையை எங்கள் பக்கம் கொட்டமுத்து என்போம். நான் குனிந்து பார்த்தேன். பாவாடை நாடா அழுத்துகிற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று ஒட்டியிருந்தது. அதற்குக் கால்கள் இருந்தன. அவை அசைந்ததும் நான் கத்திவிட்டேன்.

உண்ணி. ஆட்டிலும் மாட்டிலும் தினமும் பார்க்கிறதுதான். ஆனால் நம் உடம்பில் இருந்து ரத்தம் குடிக்கிறதைப் பார்ப்பது வேறு.

சின்னம்மா பதறவில்லை. "புடிச்சு இழுத்தா தலை உள்ளயே தங்கிப்போயிரும் கண்ணு. எங்கூட்ல எங்கப்பன் பீடி முனையக் காட்டுவாரு, தானா உட்டுரும். நான் பீடிக்கு எங்க போவேன்? உங்கத்தை சாமிக்குப் பத்த வெச்ச வத்தி இருக்குது, இரு" என்று போய், எரிந்துகொண்டிருந்த ஊதுவத்தியை எடுத்து வந்தாள். சாம்பலை ஊதிவிட்டு, உண்ணியின் முதுகுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். சூடு வருவது தெரிந்தது, சுடவில்லை. கண்ணைத் திறந்தபோது உண்ணி கீழே கிடந்தது. அதை ஒரு ஓலைத் துண்டில் அள்ளி அடுப்பில் போட்டாள். பொட்டென்று வெடித்தது. இரண்டு பேரும் சிரித்தோம். அத்தை பக்கத்தில் இல்லை, அதனால் நானும் சிரித்தேன்.

ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது.

நான் பார்த்த காய்ச்சல்களிலேயே அது மாதிரி ஒன்று இல்லை. நெற்றிக்குள் யாரோ உலக்கை போட்டு இடிப்பது போலத் தலைவலி. கண் இரண்டும் மிளகாய் பட்டதுபோல் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கெண்டைக்கால் வலியில் தரையில் கால் ஊன்ற முடியவில்லை. கஷாயம் கொடுத்தார்கள், வாந்தி எடுத்தேன். நான்காம் நாள் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி போட்டது.

அத்தை பார்த்த உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா வந்திருக்கறா."

அதற்குப் பிறகு வீடே மாறிப்போனது. வாசலில் வேப்பிலை, பாயைச் சுற்றி வேப்பிலை, என் தலைமாட்டில் மஞ்சள் தண்ணீர். சமையலில் தாளிப்பது நின்றது. மருந்து கூடாது, மருந்து கொடுத்தால் ஆத்தா கோபித்துக்கொள்வாள். அத்தை மனது அறிந்து ஒரு குறையும் வைக்கவில்லை. ஈரத் துணியோடு என் பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்தார். இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் கெட்டவர் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள்.

ஆறாம் நாள் என் முகமும் கைகளும் வீங்கியிருந்தன. ஆட்டுக்குட்டி கூரைமேல் நிற்கிறது, இறக்கிவிடுங்கள் என்று பிதற்றினேனாம். சின்னம்மா என் காலைத் துடைத்தவள், பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, இங்க பாருங்க. உள்ளங்கால்லயெல்லாம் போட்டிருக்குதுங்க. மூணு நாளாச்சு, ஒண்ணுகூடக் கொப்புளமாகலைங்க. அம்மை இப்படிப் போடாதுங்க."

"நீ எத்தனை அம்மை பாத்துபோட்ட?" என்றார் அத்தை.

"தாராபுரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கீட்டுப் போயறனுங்க."

"ஆத்தா வந்த புள்ளைய ஊட்டைத் தாண்டித் தூக்கீட்டுப் போவியா? என்ற தம்பி சந்தைக்குப் போயிருக்கறான், நாளைக்கு வந்துருவான். அது வரைக்கும் பொறு."

"அவரு வர்ற வரைக்கும் புள்ள தாங்காதுங்க."

"போனீன்னா, அப்பறம் எது ஆனாலும் உன்ற தலைலதான்."

சின்னம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளை, கனமாகத்தான் இருந்திருப்பேன். இரண்டு பக்கமும் வேலி உயர்ந்த வண்டித்தடத்தில் பஸ் ரோடு வரைக்கும் ஒரு மைல் நடந்தாள். எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். வேலி இரண்டும் ஆடிக்கொண்டே வந்தது. "தூங்காத கண்ணு. ஆட்டுக்குட்டி கூரை மேல என்ன பண்ணுது, சொல்லு. ஓடு ஒடைஞ்சுதா?" என்று அவள் மூச்சு வாங்கக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

பஸ் வந்து நின்றது. என் தலையில் செருகியிருந்த வேப்பிலையைப் பார்த்துவிட்டுக் கண்டக்டர் கையை நீட்டி மறித்தார்.

"அம்மை போட்ட புள்ளைய ஏத்தமாட்டமுங்க. வண்டீல ஜனம் இருக்குது."

சின்னம்மா என் தலையிலிருந்த வேப்பிலையைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தாள். "இப்ப இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவர் வாயைத் திறக்கும் முன்பே டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

தாராபுரத்தில் இருந்தது மிஷன் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா டைபாய்டாக இருக்கலாம் என்று சொல்லி, அதற்குண்டான மருந்தை உடனே ஆரம்பித்தார். வெள்ளை உடுப்புப் போட்ட நர்ஸ் ஒருவர் என் பாவாடையை அவிழ்த்து ஈரத் துணியால் உடம்பைத் துடைத்தார். இடுப்பைப் பார்த்ததும் அவர் கை நின்றது.

"யாரு சுட்டது இது?"

எனக்குத் தெரியாது. எட்டிப் பார்த்தேன். உண்ணி இருந்த அதே இடத்தில், மிளகை நசுக்கி ஒட்ட வைத்ததுபோல் ஒரு கருப்புப் பொருக்கு, அதைச் சுற்றிச் சிவப்பு வளையம். பீடியை வைத்து அமுக்கினால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

அந்த நர்ஸ்மேல் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பிள்ளைக்கு வலிப்பா, மாந்தமா, மஞ்சள் காமாலையா, எதற்கும் சூடு போடுகிற வழக்கம் இருந்தது. மஞ்சள் கிழங்கைக் கொளுத்தி வயிற்றில் வைப்பார்கள், வளையல் துண்டைக் காய்ச்சி வைப்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வெறுத்துப்போயிருந்தது. "சீக்கு வந்தா சூடு போட வேண்டியது. சாகக் கிடக்கும்போது இங்க தூக்கிட்டு ஓடி வர வேண்டியது. நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்று வார்டு முழுக்கக் கேட்கத் திட்டினார். சின்னம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். பிறகு மெதுவாக என் பக்கத்தில் வந்து அந்தக் கருப்பைக் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

மறுநாள் காலை அப்பாவும் அத்தையும் வந்தார்கள். நர்ஸ் அவர்களையும் விடவில்லை. அத்தைக்கு அவமானமாகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு ஒரு பெயர் இருந்தது, அத்தைக்கு அது உயிர்.

"நாங்க சூடு போடலைங்கம்மா. எங்கூட்ல அந்தப் பழக்கமே கெடையாதுங்க" என்றவர், என் கட்டிலருகில் வந்து உட்கார்ந்து தலையைத் தடவினார். "அம்மணி, அத்தைகிட்டச் சொல்லு. சின்னம்மா உன்ற இடுப்புல நெருப்பு வெச்சாளா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா, அத்தை, நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர்கள். சின்னம்மாவும் பார்த்தாள்.

"ஆமாங்கத்தே. வத்தி வெச்சாங்க."

அப்பா சின்னம்மாவின் பக்கம் திரும்பினார். "வெச்சயா?"

"வெச்சேனுங்க" என்றாள் சின்னம்மா. "உண்ணி கடிச்சிருந்துதுங்க. அது உடட்டும்னு காட்டுனேனுங்க. மேல படலைன்னுதான் நெனச்சேன். பட்டிருக்கும்போலிருக்குதுங்க."

"உண்ணியாம்" என்றார் அத்தை. "நாங்க உண்ணி பாக்காத பண்ணயமா? ஒரு உண்ணி புடுங்கறதுக்குப் புள்ளையப் பொசுக்குவாங்களா? புண்ணு சீப்புடிச்சு காச்சல் ஏறிப் புள்ள சாகப்போனது இப்பத்தான தெரியுது."

டாக்டரம்மா அப்போது அடுத்த கட்டிலில் ஒரு பிள்ளைக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தார். உண்ணி என்று அந்த அறையில் நான்கு தடவை சொன்னார்கள். அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. விழுந்திருந்தாலும் அந்த நாளில் அதை யார் பெரிதாக எடுத்துக்கொண்டிருப்பார்கள்?

டைபாய்டுக்குக் கொடுத்த மருந்திலேயே மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. புள்ளிகள் மங்கின. ஆனால் இடது காதின் மடலும் ஒரு கால் சுண்டுவிரல் நுனியும் நீலம் பாரித்துக் கருப்பாகிவிட்டன. விரல் தேறிவிட்டது. காது மடலின் ஓரம் காய்ந்து உதிர்ந்துபோனது. இன்றைக்கும் அந்தக் காதுக்கு மாட்டல் கட்டித்தான் தோடு போட்டுக்கொள்கிறேன். அவள் வைத்த சூட்டின் விஷம் காது வரைக்கும் ஏறிவிட்டது என்று அத்தை உறவுக்காரர்களிடம் சொல்வார். நானும் வளர்ந்து அதையேதான் சொன்னேன்.

நான் வீடு திரும்பியபோது சின்னம்மா இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்தே சத்தியமங்கலம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தை மாதம் அப்பா ஒரு தடவை அவளைக் கூப்பிடப் போனார். தனியாகத் திரும்பி வந்தார். என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

என் கல்யாணத்துக்கு சின்னம்மா வந்திருந்தாள். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று தெரியாது, அப்பாவாக இருக்கும். கூட்டத்தின் ஓரத்தில் நின்றவள், எல்லாரும் பந்திக்குப் போன நேரத்தில் என்னிடம் வந்தாள். என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, இடது காதைத்தான் பார்த்தாள்.

"தோடு நிக்குதா கண்ணு?" என்று கேட்டாள்.

"நிக்குது" என்றேன். 'ங்க' போட்டுக்கூடச் சொல்லவில்லை. சுட்ட கையோடு வந்து புண்ணை விசாரிக்கிறாளே என்று நினைத்தேன். அவள் சாப்பிடாமலேயே போய்விட்டாள் என்று பிறகு சொன்னார்கள். அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது.

இனி போன கார்த்திகைக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் என் கடைசி மகன் வீட்டில் இருக்கிறேன். பக்கத்து மனை காலியாகப் புதர் மண்டிக் கிடக்கிறது. என் சின்னப் பேத்திக்கு ஏழு வயது. அந்தப் புதருக்குள் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது என்று தினமும் போய் மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் வந்தது. பக்கத்து கிளினிக்கில் வைரல் என்று மாத்திரை கொடுத்தார்கள், டெங்கு இல்லை என்று ரத்தம் பார்த்துச் சொன்னார்கள். காய்ச்சல் விடவில்லை. நான்காம் நாள் மணிக்கட்டில் சிவப்புப் புள்ளி.

நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா வந்திருக்கறா, ஊசி கீசி போட்டுறாதீங்க. வேப்பிலை கொண்டாங்க" என்றேன். என் மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஆத்தா வரட்டுமுங்க அத்தே. ஆஸ்பத்திரிக்கும் ஒட்டுக்கா வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். கோபத்தோடு நானும் ஏறினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் ஒரு சின்னப் பெண். முதலில் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பார்த்தது. பிறகு துணியை விலக்கி உச்சி முதல் பாதம் வரை பார்த்தது. முடியைப் பிரித்து, காதுக்குப் பின்னால், அக்குளில், இடுப்பில் என்று ஒவ்வொரு இடமாகத் தேடியது. என்ன இது, கம்மல் தொலைந்த மாதிரித் தேடுகிறதே என்று நினைத்துக்கொண்டேன். தொடை இடுக்கில் கண்டுபிடித்தது. கூட நின்ற படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டியது.

"நல்லாப் பாத்துக்கங்க. சிகரெட்டால சுட்ட மாதிரியே இருக்கும். சுட்டது இல்லை. நடுவுல கருப்பு, சுத்திச் சிவப்பு. வலிக்கவே வலிக்காது, அதனால பிள்ளைங்க சொல்லாது, நாமதான் தேடணும்." பிறகு மருமகளிடம் திரும்பி, "வீட்ல நாய், ஆடு, மாடு ஏதாவது இருக்குதுங்களா? பக்கத்துல புதர் இருக்குதுங்களா? இது உண்ணிக் காய்ச்சலுங்க" என்றது.

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் விளக்கமாகச் சொன்னது. உண்ணி, உண்ணி மாதிரி கண்ணுக்கே தெரியாத பூச்சி, இவை கடிக்கிறபோது ஒரு கிருமி உள்ளே போகிறதாம். ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பது, புள்ளி, வீக்கம். கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் நீர் கோர்த்துக்கொள்ளும், மூளைக்கு ஏறி வலிப்பு வரும், சிறுநீரகம் கெடும், விரல் நுனி, காது மடல் எல்லாம் ரத்தம் போகாமல் கருத்துவிடும். நேரத்தில் சரியான மாத்திரை கொடுத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். அந்தக் காலத்து டைபாய்டு மருந்தும் இதற்குக் கேட்குமாம்.

"நல்ல நேரத்துல தூக்கிட்டு வந்தீங்க. அம்மைன்னு ஊட்லயே வெச்சிருந்து ரொம்பக் கஷ்டப்பட்ட பிள்ளைங்க இருக்குதுங்க" என்றது மருமகளிடம். மருமகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவள் பெருந்தன்மை.

மற்றவர்கள் நகர்ந்ததும் நான் டாக்டரிடம் கேட்டேன். "அம்மணி, உண்ணி கடிச்ச எடத்துல ஊதுவத்தியக் காட்டுனா, அதனால இப்படிக் கருக்குமுங்களா?"

"அது கூடாதுங்க பாட்டி. நெருப்பு, சீமெண்ணெய் எதுவும் வேண்டாம். இடுக்கியால தோலோட ஒட்டிப் புடிச்சு நேரா இழுக்கணும்."

"அது சரிங்க. கருக்குமான்னு கேக்கறேன்."

"நெருப்புப் பட்டிருந்தா அன்னைக்கே கொப்புளம் வந்துரும், பிள்ளை அழுதுரும். இந்தக் கருப்பு நாலஞ்சு நாள் கழிச்சுத் தானா வர்றதுங்க. ஏனுங்க பாட்டி, யாருக்காவது அப்படி ஆச்சுங்களா?"

நான் என் இடது காதின் மேல் இருந்த முந்தானையை விலக்கிக் காட்டினேன். அந்தப் பெண் காதைத் தொட்டுப் பார்த்தது. "பொழைச்சது பெரிசுங்க" என்றது. "யாரோ சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க."

பேத்தி மூன்றாம் நாளே இட்லி கேட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஒரு வாரம் கழித்து மகனிடம் சொல்லி, சின்னம்மாவின் அண்ணன் மகனுடைய போன் நம்பரைத் தேடிப் பிடித்தேன். அவன் இன்னும் சத்தியமங்கலத்துப் பக்கம்தான் இருக்கிறான். சின்னம்மா காலமாகிப் பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, கடைசி வரைக்கும் அவர்கள் வீட்டில்தான் இருந்திருக்கிறாள். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன்.

"எங்கத்தை கடைசி வரைக்கும் ஊதுவத்தி பத்த வெச்சதே இல்லீங்க" என்றான். "சாமிக்கு விளக்கு வெப்பாங்க, பூவு வெப்பாங்க, வத்தி மட்டும் தொடமாட்டாங்க. கேட்டா, பொகை ஒத்துக்கலைம்பாங்க. உங்கப்பா வந்து கூப்பிட்டப்பவும், 'அந்தப் புள்ளைய மறுக்காவும் என்ற கையில உட வேண்டாமுங்க, இந்தக் கையி ஆகாது'ன்னு சொல்லிட்டாங்களாம். எங்கப்பன் சொல்லிக் கேட்டிருக்கறேன்."

அத்தை அவளைத் துரத்தினார் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவள் வர மாட்டேன் என்றது எனக்குத் தெரியாது. தான்தான் சுட்டோம் என்று அவளே நம்பிவிட்டாள். வேப்பிலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு என்னைப் பஸ் ஏற்றியவள், பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் என்று தன்னையே நினைத்துக்கொண்டு ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறாள். இதையெல்லாம் எழுதி அனுப்புங்கள், சின்னம்மாவைப் பற்றித் தன் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும் என்று அவன் கேட்டான். அதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: அன்றைக்கு அத்தனை பெரியவர்களும் நான் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அத்தை கேட்ட கேள்விக்குத் திக்காமல் பதில் சொன்னேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை, வத்தியைக் காட்டியது உண்மைதான். சுட்டதா என்று யாராவது கேட்டிருந்தால், இல்லை என்று அதையும் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் என் பேச்சை எடுத்துக்கொண்டதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் அப்பா சின்னம்மாவின் துணிமணி இருந்த தகரப் பெட்டியோடு வந்தார். சின்னம்மா துவைத்துக் காயப்போட்டிருந்த என் பாவாடையை எடுத்து வந்து, அந்தக் கருப்பில் படாமல் நாடாவைத் தளர்த்திக் கட்டிவிட்டாள். "வாரேன் கண்ணு. மாத்திரை கசந்தாலும் துப்பாத" என்றாள். அம்மா வீட்டுக்குப் போகிறாள், என்னைக் கூட்டிப்போகவில்லை என்று எனக்குக் கோபம். நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் கட்டிலருகில் நின்றுகொண்டே இருந்தது தெரிந்தது. திரும்பிப் பார்க்கட்டும் என்று நின்றாள்போல. கொஞ்ச நேரம் போகட்டும் என்று நான் வேண்டுமென்றே படுத்திருந்தேன்.

போதும் கண்ணு, பேனாவை வெய்யி. இப்ப மொதல்ல இருந்து படிச்சுக் காட்டு. வெரசாப் படிக்காத. சின்னம்மா பேசற எடம் வந்தா நிறுத்தி, அவ பேசுன மாதிரியே படி. தப்பு இருந்தா நான் சொல்றேன்.